சுவருக்கு உண்டு, உடம்புக்கு இல்லை

அரசு மருத்துவமனையில் சிகிச்சை தவறிப் போனால் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். அதே தவறு தனியார் மருத்துவமனையில் நடந்தால் ஆறு ஆண்டு. தீபகற்ப மலேசியாவில் இன்றும் நடப்பில் உள்ள சட்டம் இது. சொன்னால் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உடம்புதானே என்று கேட்கிறார்கள். உடம்பு ஒன்றுதான். ஆனால் சட்டம் பார்ப்பது உடம்பை அல்ல, கத்தியைப் பிடித்தவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதை.

பெக்கோக் மாதிரி ஊர்களில் இந்தக் கணக்கு எப்படி விழுகிறது என்று பாருங்கள். சிகாமட் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், சாஆவிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற சிற்றூர். ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுற்றிலும் செம்பனை. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் வாசலுக்கும் சுங்கை பந்தாங் அருவிக்கும் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். சீனப் புதுக்கிராமம், மலாய்க் கம்பம், தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த தமிழ்க் குடும்பங்கள், காட்டோரத்தில் ஜக்கூன் பூர்வகுடிகள் என்று எல்லாரும் உண்டு. தனியார் சிறப்பு மருத்துவமனை கிடையாது. காய்ச்சல், சளி என்றால் கிளினிக்கோடு முடிந்துவிடும். அறுவை சிகிச்சை, பிரசவச் சிக்கல், நெஞ்சுவலி என்றால் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைதான் கதி. ஆறு ஆண்டு அவகாசம் தரும் மருத்துவமனைக்குப் போக இவர்களில் பலருக்கு வசதியில்லை. ஆகவே இவர்களுக்கு விதித்தது மூன்று ஆண்டு.

அந்த மூன்று ஆண்டு எங்கிருந்து வந்தது? பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948 என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தது. அரசாங்கமோ அரசு ஊழியரோ கடமையைச் செய்யும்போது செய்த தவறுக்காக வழக்குப் போடுவதானால், அந்தத் தவறு நடந்த நாளிலிருந்து 36 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்கிறது அதன் 2-ஆவது பிரிவு. அரசு மருத்துவர், தாதி, மருத்துவ உதவியாளர் எல்லாரும் அதற்குள் அடக்கம். தனியாருக்குப் பொருந்துவது காலவரம்புச் சட்டம் 1953. அதில்தான் ஆறு ஆண்டு. நோயாளி இறந்துவிட்டால் கணக்கு வேறு. சிவில் சட்டம் 1956-இன்படி குடும்பத்தார் தொடுக்கும் வழக்குக்கு இறப்பு எங்கே நடந்திருந்தாலும் மூன்று ஆண்டுதான். உயிரோடு இருந்து முடங்கிக் கிடப்பவருக்குத்தான் இந்தப் பாகுபாடு.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் வயிற்றைக் கிழித்துப் பிரசவம். பிள்ளை நன்றாக இருக்கிறது. தாய்க்கு மட்டும் அவ்வப்போது அடிவயிற்றில் வலி. கிளினிக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள். கேஸ்ட்ரிக் என்கிறார்கள், வேலைப்பளு என்கிறார்கள். அவளும் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறாள். நான்காவது ஆண்டில் யாரோ ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு, அன்றைக்கு எடுக்க மறந்தது. இப்போது அவள் வழக்கறிஞரிடம் போனால் என்ன பதில் கிடைக்கும்? ‘காலம் கடந்துவிட்டதம்மா.’ தனக்குள் பஞ்சு இருந்ததே அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். ஆனால் சட்டத்தின் கடிகாரம் வயிற்றைத் தைத்த அன்றே ஓடத் தொடங்கி, அவளுக்குத் தெரியாமலேயே நின்றும் போய்விட்டது. இதே தவறு தனியார் மருத்துவமனையில் நடந்திருந்தால் அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம் இருந்திருக்கும்.

ஏழாவது ஆண்டில்தான் பஞ்சு தெரியவந்தது என்றால்? அப்போது தனியார் நோயாளிக்கும் கதவு சாத்தித்தான் இருக்கும். இங்கேதான் நம் நாடாளுமன்றம் செய்த வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மறைந்திருந்து பிறகு வெளிப்படும் சேதத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 2018-இல் காலவரம்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 6ஏ என்று ஒரு புதிய பிரிவு வந்தது. சேதம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கூடுதல் அவகாசம், மொத்தத்தில் பதினைந்து ஆண்டுக்கு மிகாமல். நல்ல சட்டம். ஆனால் அதே பிரிவில் ஒரு வரியையும் சேர்த்தார்கள்: உடற்காயம் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது. வீடு கட்டிய குத்தகையாளர் அஸ்திவாரத்தில் ஏமாற்றியது எட்டாவது ஆண்டில் சுவர் விரிசல் விட்ட பிறகு தெரிந்தால், வீட்டுக்காரருக்கு வழி உண்டு. வயிற்றுக்குள் விட்ட பஞ்சு எட்டாவது ஆண்டில் தெரிந்தால், அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரிக்கு வழி இல்லை. சிமெண்டுக்குக் காட்டிய கரிசனத்தை மனித உடம்புக்குக் காட்ட மறந்துபோனார்கள் என்று சொல்லவும் முடியாது. யோசித்து, எழுதி, உடம்பை மட்டும் விலக்கியிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டு போதாதா, அதற்குள் முழித்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. முழித்துக்கொண்டிருப்பவர்களுக்கே மூன்று ஆண்டு எப்படிப் போகிறது தெரியுமா? முதல் ஆறு மாதம், ஓராண்டு சிகிச்சையிலேயே போய்விடும். நோயாளிக்கு அப்போது நம்பிக்கை இருக்கிறது. ‘பிசியோ போங்க, சரியாயிடும்’ என்று டாக்டர் சொல்கிறார். சிகிச்சை தருகிறவரையே எதிர்த்து யாராவது வழக்குப் போடுவார்களா? பிறகு சந்தேகம் வருகிறது. புகார் எழுதுகிறார்கள், அதையும் மகனோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ மலாயில் எழுதித் தர வேண்டும். விசாரிக்கிறோம் என்று பதில் வருகிறது. காத்திருக்கிறார்கள். பிறகு மருத்துவ அறிக்கைக்கு மனு, அதற்குக் கட்டணம், அதற்கும் காத்திருப்பு. அறிக்கை கைக்கு வந்தாலும் அதைப் படித்து ‘இது தவறுதான்’ என்று எழுதித் தர வேறொரு நிபுணர் வேண்டும். சக மருத்துவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட முன்வருகிறவர் சீக்கிரத்தில் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் தோட்டச் சம்பளத்தில் அடங்காது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் கொடுத்த புகாரோ, சுகாதார அமைச்சுக்கு அனுப்பிய கடிதமோ, மலேசிய மருத்துவ மன்றத்திடம் கொடுத்த முறையீடோ, எதுவுமே அந்த 36 மாதக் கடிகாரத்தை நிறுத்தாது. அரசாங்கமே விசாரித்துக்கொண்டிருக்கிறது, பதில் வரட்டும் என்று நல்லெண்ணத்தோடு காத்திருப்பவர்தான் அதிகம் ஏமாறுகிறார். மருத்துவ மன்றம் விசாரித்து மருத்துவரைக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு சென் இழப்பீடு தரச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

காகிதப் பிரச்னை தனி. சிகாமட் மாவட்டத்துக்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. 2011 ஜனவரியில் வந்தது, 2023 மார்ச்சில் மறுபடியும் வந்து புரட்டிப் போட்டது. சகதி பூசிய மெத்தையோடும் அலமாரியோடும் சேர்ந்து மருந்துச் சீட்டு, அப்பாய்ன்மென்ட் அட்டை, எக்ஸ்ரே உறை எல்லாம் குப்பை லாரியில் ஏறிவிடும். அதன் பிறகு நடந்ததற்கு ஒரே சாட்சி மருத்துவமனை வைத்திருக்கும் கோப்புதான். அதாவது, எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் கோப்பு.

கையெழுத்து வாங்கும் காட்சியையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அறுவைக்கு முதல் நாள் மாலை. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இளம் டாக்டர், கையில் கிளிப் மாட்டிய அட்டை. மலாயில் வேகமாகச் சொல்கிறார். கட்டிலில் இருக்கும் பாட்டிக்குக் கடைத்தெரு மலாய் தெரியும். ‘சாப்பிட்டாச்சா’, ‘எவ்வளவு’ என்ற அளவுக்கு. ‘நரம்பு பாதிக்கப்படும் அபாயம்’ என்பதெல்லாம் அந்த மலாயில் இல்லை. பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு வயது பதினான்கு. அவன்தான் மொழிபெயர்ப்பாளர். ‘ஆபரேஷன் பண்ணுவாங்களாம் பாட்டி, சைன் பண்ணணுமாம்.’ பாட்டி கையெழுத்துப் போடுகிறார். நீதிமன்றத்துக்குப் போனால் அந்தக் காகிதம் ‘நோயாளிக்கு எல்லாம் விளக்கப்பட்டது’ என்று பேசும்.

ஒப்புதல் பற்றி நம் நாட்டுச் சட்டம் மோசமில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஃபூ ஃபியோ நா என்ற பெண் 1982 ஜூலையில் கார் விபத்தில் சிக்கி, கழுத்து முள்ளெலும்பு விலகி, பெட்டாலிங் ஜெயா அசுந்தா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு அறுவை நடந்தது. கை கால் செயலிழந்தது. உயர் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார், கடைசியில் 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விபத்திலிருந்து தீர்ப்பு வரை 24 ஆண்டு. ஒரு சிகிச்சையின் அபாயத்தை நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை இனி மருத்துவர்களே தங்களுக்குள் முடிவுசெய்துகொள்ள முடியாது, அந்த நோயாளி தெரிந்துகொள்ள விரும்பும் முக்கியமான அபாயங்களைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். 2017-இல் ஸுல்ஹஸ்னிமார் வழக்கில் இதே நீதிமன்றம் கோட்டை இன்னும் தெளிவாகப் போட்டது. நோயைக் கண்டறிவது, சிகிச்சை தருவது ஆகியவற்றில் பொறுப்புள்ள சக மருத்துவர்களின் நடைமுறைதான் அளவுகோல். அபாயத்தை எடுத்துச் சொல்வதில் மட்டும் நீதிமன்றமே அளக்கும்.

2024 பிப்ரவரியில் இன்னொரு பெரிய தீர்ப்பு வந்தது. சியாவ் சிங் யீ எதிர் கொலம்பியா ஏசியா. ‘எங்களிடம் வேலை செய்யும் டாக்டர் சுயேச்சையாகத் தொழில் செய்கிறவர், அவர் தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று தனியார் மருத்துவமனைகள் கையைக் கழுவிக்கொண்டிருந்தன. அப்படிக் கழுவ முடியாது, நோயாளியிடம் மருத்துவமனைக்கே கைமாற்ற முடியாத பொறுப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது. பட்டணத்து நோயாளிக்கு இது பெரிய பாதுகாப்பு. அரசு மருத்துவமனையில் ஊழியரின் தவறுக்கு அரசாங்கம் பொறுப்பு என்பது முன்பே இருப்பதுதான். ஆக, யார் பொறுப்பு என்பதில் இன்று இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டன. காலக் கெடுவில் மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? கூட்டரசு அரசமைப்பின் 8-ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அந்த வரி சிகாமட் மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு என்பார்கள். பொதுப் பணம், அதிகாரிகள் மாற்றலாகிப் போய்விடுவார்கள், நினைவு மங்கிவிடும், கோப்புகள் பழசாகிவிடும். சரி. தனியார் மருத்துவமனையில் மட்டும் டாக்டர் அதே நாற்காலியில் ஆறு ஆண்டு உட்கார்ந்திருக்கிறாரா? அங்கே நினைவு மங்குவதில்லையா? இந்தச் சட்டத்தின் மூலவர் பிரிட்டன். அங்கே 1893-இல் இப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டு, அரசு அமைப்புகள் மீது வழக்குப் போட வெறும் ஆறு மாதம் கொடுத்தார்கள். அநியாயம் என்று கண்டு 1954-இல் அதை அடியோடு நீக்கியும் விட்டார்கள். மறைந்திருக்கும் உடற்காயத்துக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு என்ற ஏற்பாட்டை 1963-இலேயே கொண்டுவந்தார்கள். தைத்தவனே கழற்றி எறிந்த சட்டையை நாம் மெர்டேக்காவுக்குப் பிறகும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘ஒரு வெள்ளி கொடுத்துவிட்டு இவ்வளவு பேசுகிறார்களே’ என்ற முணுமுணுப்பும் காதில் விழுகிறது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட், சிறப்பு மருத்துவரைப் பார்த்தால் ஐந்து. உலகமே வியக்கும் ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தர்மச் சோறு இல்லை. பால்மரத்திலும் செம்பனையிலும் நான்கு தலைமுறை உழைத்து இந்த நாட்டின் கஜானாவை நிரப்பியவர்களுக்கு, கவுண்டரில் கொடுக்கும் ஒரு வெள்ளி அடையாளக் கட்டணம் மட்டுமே. மீதியை எப்போதோ கட்டியாகிவிட்டது.

தோட்டத்துக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், அதுவும் சரிதான். அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். டாக்டர் இல்லை, ஆனால் ஜனங்களுக்கு அவர்தான் டாக்டர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. என்ன நோய் என்றாலும் புட்டியில் மிக்சர் ஊற்றிக் கொடுப்பார், துரைக்குப் பயந்து ‘வேலைக்குப் போகலாம்’ என்று எழுதுவார் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவரை எதிர்த்து யாரும் வழக்குப் போட்டதில்லை. போடலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பழக்கம்தான் இன்னும் நம் ரத்தத்தில் இருக்கிறது. தவறு நடந்தால் ‘விதி’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்; மூன்று ஆண்டு அதற்குள் ஓடிவிடுகிறது.

இதை எழுதுவது மருத்துவர்கள் மேல் கல்லெறிய அல்ல. சட்டம் அவர்களையும் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவமனைக்கு வரும் புதிய டாக்டர்கள் ஒப்பந்தத்தில்தான் வருகிறார்கள். அடுத்த ஆண்டு எங்கே இருப்போம், நிரந்தரம் கிடைக்குமா என்று தெரியாமல் இரவுப் பணி பார்க்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று, கொரோனாவின் நடுவில், கறுப்பு உடையோடு வார்டிலிருந்து வெளியே வந்து வரிசையாக நின்றார்களே, அந்த ஹர்த்தால் சும்மா வந்ததல்ல. தனியார் கிளினிக் டாக்டர்களுக்கு வேறு தலைவலி. 2006 விதிகளில் 10 முதல் 35 ரிங்கிட் என்று எழுதிவைத்த ஆலோசனைக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது அவர்கள் புத்ராஜெயாவுக்கே திரண்டு போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க இழப்பீட்டுக் காப்புறுதியும் காட்ட வேண்டும். விலையைக் காட்டச் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கட்டணத்தை அத்தனை காலம் தூங்கவிட்டது தப்பு.

ஒப்பந்த டாக்டருக்கும் பாதிக்கப்பட்ட நோயாளிக்கும் நடுவே நீதிமன்றம் ஒன்றைத் தவிர வேறு வாசல் இல்லை என்பதுதான் இரண்டு பேருக்கும் வினை. தவறு நடந்துவிட்டது என்று டாக்டருக்கு மனத்தில் தெரியும். ‘மன்னிச்சிடுங்கம்மா’ என்று சொல்ல நாக்கு வரை வரும். சொன்னால் அது குற்ற ஒப்புதலாகிவிடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார். நோயாளியின் குடும்பம் அந்த மௌனத்தைத்தான் திமிர் என்று எடுத்துக்கொள்கிறது. ஹாங்காங்கில் 2017-இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். மன்னிப்புக் கேட்டதை வைத்து மட்டும் ஒருவர் பொறுப்பை ஒப்புக்கொண்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை இங்கேயும் கொண்டுவருவதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் ‘நுகர்வோர் நீதிமன்றத்தில் போடக் கூடாதா?’ என்று கேட்பார்கள். இந்தியாவில் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையை மட்டும் அதுவும் வெளியே விட்டது. நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 அந்த அளவுக்குக்கூட வரவில்லை. மருத்துவச் சேவையை மொத்தமாகவே விலக்கிவிட்டது. வாங்கிய மிக்சி கெட்டுப்போனால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் கேட்கும். முழங்கால் கெட்டுப்போனால் கேட்காது.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் அமைச்சர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் பாதிப்பைப் பார்த்து உதவுவது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் கை அறுந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ யார் மேல் குற்றம் என்று கேட்பதில்லை. அதன் 1969 சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டது. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டு வாரியம் இருக்கிறது. சிகிச்சையால் வந்த காயமும் அதற்குள் அடங்கும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2021-இல் நம் அரசாங்கமே கொரோனா தடுப்பூசியால் கடும் பாதிப்பு வந்து நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவருக்கு 50,000 ரிங்கிட் வரை, நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 ரிங்கிட் என்று சிறப்பு நிதி அறிவித்தது. நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லாத ஏற்பாடு. தடுப்பூசிக்கு முடிந்தது அறுவை மேசைக்கு ஏன் முடியாது?

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. காலவரம்புச் சட்டத்தின் 6ஏ பிரிவில் உடற்காயத்தை விலக்கும் அந்தச் சில சொற்களை எடுத்துவிட வேண்டும். பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36 மாதக் கெடு உடற்காய வழக்குக்குப் பொருந்தாது என்று ஒரு துணைவிதி சேர்க்க வேண்டும். முதலில் சொன்னதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் பலன் முழுக்கத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கே சேரும். பெக்கோக்காரர் நின்ற இடத்திலேயே நிற்பார். அதுவரைக்கும், சுகாதார அமைச்சிடம் புகார் கொடுத்த நாளிலிருந்து பதில் வரும் நாள்வரை கடிகாரம் நிற்க வேண்டும். அமைச்சு தாமதித்தால் அதன் தண்டனை நோயாளிக்கா? அறுவைக்கு முன் ஒப்புதல் வாங்கும்போது நோயாளியின் மொழி தெரிந்த ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருந்து, தன் பெயரையும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டும். இதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

சட்டம் மாறும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், சிகிச்சை நடந்த தேதியை முதலில் எழுதி வையுங்கள். அட்டை, சீட்டு, படிவம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள். வெள்ளம் வந்தாலும் அங்கே இருக்கும். மருத்துவ அறிக்கைக்கு உடனே மனுச் செய்யுங்கள். புகார் கொடுங்கள், ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது ஆண்டு முடிவதற்குள் ஒரு வழக்கறிஞரிடம் கோப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பெக்கோக் சட்டமன்றத் தொகுதி லாபிஸ் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. காலவரம்பு கூட்டரசுச் சட்டம், ஆகவே சட்டமன்ற உறுப்பினரைவிட லாபிஸ் நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் கேட்க வேண்டும். கோயில் கூட்டமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ மரண உதவிச் சங்கமோ, எதுவாக இருந்தாலும் அடுத்த முறை அவர் வரும்போது சாலையில் உள்ள குழியோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: காலவரம்புச் சட்டம் 1953, பிரிவு 6ஏ, பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948, பிரிவு 2. இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.